குளத்து நீரின் வரவு செலவு
நீச்சலுக்குப் பின் தோன்றும் அரிப்புக்கும் கண் எரிச்சலுக்கும் காரணம் குளோரின் மிகுதியா, குறைவா?

சித்திரை பிறந்ததும் தலைநகர் தில்லியில் திறந்தவெளி நீச்சல் குளங்களின் பருவம் தொடங்கிவிடுகிறது. 'லூ' என்னும் அனற்காற்று வீசும் மே, ஜூன் மாதங்களில் துவாரகா, மயூர் விகார் முதலிய பகுதிகளின் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும், தில்லி வளர்ச்சி ஆணையத்தின் விளையாட்டு வளாகங்களிலும் மாலை வேளைகளில் குளங்கள் பிள்ளைகளால் நிறைந்துவிடும். கோடை விடுமுறையின் மிகப் பெரிய மகிழ்ச்சி அதுவே.

அந்த மகிழ்ச்சியோடு சேர்ந்து ஆண்டுதோறும் ஒரு முறையீடும் எழுகிறது. குளித்து வந்த பிள்ளையின் தோல் சிவந்து அரிக்கிறது, கண்கள் எரிகின்றன, முழங்கை மடிப்புகளில் தடிப்பு தெரிகிறது. "குளோரினை அளவுக்கு மீறிக் கொட்டிவிட்டார்கள்" என்று பெற்றோர் குடியிருப்போர் சங்கத்திடம் புகார் செய்கின்றனர். சங்கத்தாரும் குளப் பராமரிப்பாளரை அழைத்து மருந்தின் அளவைக் குறைக்கச் சொல்கின்றனர். அடுத்த வாரம் எரிச்சல் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. நல்லெண்ணத்தோடு எடுக்கப்பட்ட முடிவு ஏன் எதிர்விளைவைத் தருகிறது? இக்கேள்விக்கான விடை குளத்து நீரின் வேதியியலில் இருக்கிறது. அது கடினமான பாடமன்று. வரவு செலவுக் கணக்கு எழுதத் தெரிந்த எவரும் அதனைப் புரிந்துகொள்ளலாம்.

வாசனை சொல்லும் செய்தி

குளத்தருகே சென்றதும் மூக்கைத் துளைக்கும் நெடியை நாம் 'குளோரின் வாசனை' என்கிறோம். உண்மையில் அது பெரும்பாலும் குளோரமீன் என்னும் வேறொரு சேர்மத்தின் நெடி. நீரில் இடப்பட்ட குளோரின், குளிப்பவர்களின் வியர்வை, சிறுநீர், தோல் அழுக்கு ஆகியவற்றிலுள்ள அம்மோனியா, யூரியா போன்ற நைட்ரஜன் பொருள்களோடு சேரும்போது குளோரமீன்கள் உருவாகின்றன. கண்ணை எரிய வைப்பதும், தொண்டையைக் கரகரக்கச் செய்வதும், தோலை உறுத்துவதும் இவையே. கிருமிகளைக் கொல்லும் ஆற்றலோ இவற்றுக்கு மிகக் குறைவு.

ஆகவே குளத்து நீரிலுள்ள குளோரினை இரண்டு கணக்குகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இன்னும் எதனோடும் சேராமல், கிருமிகளை எதிர்கொள்ளத் தயாராக இருப்பது 'தனித்த குளோரின்'. இது கையிருப்புப் பணத்தைப் போன்றது. அழுக்கோடு சேர்ந்து செயலிழந்தது 'பிணைந்த குளோரின்'. இது வாராக்கடனைப் போன்றது. ஏட்டில் தொகையாகத் தெரிந்தாலும் எடுத்துச் செலவிட இயலாது. நல்ல குளத்தில் தனித்த குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். பிணைந்த குளோரின் 0.4 மில்லிகிராமுக்குக் கீழேயும், இயன்றால் 0.2க்குக் கீழேயும் இருப்பது நலம்.

இப்போது சங்கத்தின் முடிவை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். நெடி மிகுந்ததால் மருந்தைக் குறைத்தார்கள். அதனால் தனித்த குளோரின் மேலும் சரிந்தது. குளிப்போர் கொண்டுவரும் அழுக்கு மட்டும் குறையவில்லை. அழுக்கை முழுவதும் எரித்து முடிக்கப் போதிய குளோரின் இல்லாததால் குளோரமீன் பெருகியது. நெடியும் எரிச்சலும் கூடின. எரிச்சல் தரும் குளத்துக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது கூடுதல் குளோரினே.

கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைவுகூரத்தக்கது. உடலில் மாற்றமின்றிச் சிறுநீரோடு வெளியேறும் ஒரு செயற்கை இனிப்பூட்டியின் அளவைக் கொண்டு, குளத்து நீரில் எவ்வளவு சிறுநீர் கலந்திருக்கிறது என்று அவர்கள் மதிப்பிட்டனர். ஏறத்தாழ 8 லட்சத்து 30 ஆயிரம் லிட்டர் கொண்ட ஒரு குளத்தில் அந்த அளவு சுமார் 75 லிட்டராக இருந்தது. நாகரிகம் கருதி நாம் பேசத் தயங்கும் செய்தியானாலும், பிள்ளைகளின் கண் எரிச்சலுக்கான காரணங்களில் இதுவும் ஒன்று.

7.2க்கும் 7.8க்கும் இடையே

குளோரின் போதிய அளவில் இருந்தாலும் அது வேலை செய்யுமா என்பதை நீரின் அமில, காரத் தன்மையே தீர்மானிக்கிறது. பி.எச். எனப்படும் அளவுகோலில் 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். நீரில் கரைந்த குளோரின் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று கிருமிகளை விரைந்து அழிக்கும் ஹைப்போகுளோரஸ் அமிலம். மற்றொன்று மந்தமாக இயங்கும் ஹைப்போகுளோரைட். பி.எச். 7.2 ஆக இருக்கும்போது தனித்த குளோரினில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீரியமுள்ள வடிவில் இருக்கும். 7.5இல் அது பாதியாகும். 8ஐத் தொட்டால் நான்கில் ஒரு பங்கே எஞ்சும். மருந்தின் அளவு மாறாமலேயே அதன் பயன் சரிந்துவிடுகிறது.

மனிதக் கண்ணீரின் பி.எச். ஏறத்தாழ 7.4. குளத்து நீரும் அதனை ஒட்டியே இருந்தால் கண்ணுக்கு உறுத்தல் தெரியாது. தோலின் இயல்போ வேறு. அதன் மேற்பரப்பு 4.5 முதல் 5.5 வரையிலான மென்மையான அமிலத்தன்மை கொண்டது. எண்ணெய்ப் பசையும் சேர்ந்த அந்த மெல்லிய படலமே நம் தோலின் காவல் அரண். காரம் மிகுந்த நீரில் நெடுநேரம் ஊறும்போது அந்த அரண் தளர்கிறது. குளோரின் எண்ணெய்ப் பசையையும் அகற்றிவிடுகிறது. குளத்திலிருந்து வெளியேறியதும் தில்லியின் வறண்ட அனற்காற்று எஞ்சிய ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. கரப்பான் போன்ற தோல் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு இது இரட்டைத் துன்பம்.

பி.எச். அளவு அங்குமிங்கும் தாவாமல் பிடித்துவைப்பது நீரின் மொத்தக் காரத்தன்மை. இது லிட்டருக்கு 80 முதல் 120 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். குறைந்தால் சிறிதளவு அமிலம் சேர்ந்தாலும் பி.எச். சரியும். அதனை உயர்த்த உதவுவது நம் சமையலறையில் உள்ள ஆப்பசோடாவே. பி.எச். அளவை உயர்த்தச் சலவைச் சோடாவும், தாழ்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பயன்படுகின்றன. கலங்கிய நீரைத் தெளிய வைக்கப் படிகாரம் இடும் வழக்கம் உண்டு. படிகாரம் காரத்தன்மையைக் குறைக்கும் என்பதால் அதனை இட்ட பின் நீரை மீண்டும் சோதித்தாக வேண்டும்.

தில்லி நீரின் தனி இயல்பு

எந்த ஊர்க் குளமும் அந்த ஊர் நீரின் குணத்தைக் கொண்டே தொடங்குகிறது. தில்லிக்குக் குடிநீர் தரும் மூலங்களில் யமுனை முதன்மையானது. அந்த ஆற்று நீரில் அம்மோனியாவின் அளவு அவ்வப்போது உயர்வதும், வசீராபாத், சந்திராவல் சுத்திகரிப்பு நிலையங்களில் உற்பத்தி குறைக்கப்படுவதும் நாளிதழ் படிக்கும் தில்லிவாசிகள் அறிந்த செய்தி. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் அம்மோனியாவுக்கு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்ற வரம்பை வகுத்துள்ளது. அம்மோனியா மிகுந்த நீரில் குளோரினைச் செலுத்தினால் அங்கும் உருவாவது குளோரமீனே. சுத்திகரிப்பு நிலையத்தின் பொறியாளரும் குடியிருப்பின் குளப் பராமரிப்பாளரும் ஒரே வேதிவினையோடு போராடுகின்றனர். குளத்தைப் புதிதாக நிரப்பும் நாளில் நீரைச் சோதிப்பது இதனால் இன்றியமையாததாகிறது.

ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொண்டு நிரப்பும் இடங்களில் சிக்கல் வேறு. அந்நீர் பல பகுதிகளில் உப்பும் கடினத்தன்மையும் மிக்கது. குளத்து நீரில் கால்சியக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்றது. கோடையில் ஆவியாதல் இதனை மேலும் உயர்த்துகிறது. நீளம் 20 மீட்டர், அகலம் 10 மீட்டர், சராசரி ஆழம் 1.2 மீட்டர் கொண்ட குளத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 2 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர். நாளொன்றுக்கு நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலே 2,000 லிட்டர் ஆவியாகிவிடுகிறது. ஆவியாவது தூய நீர் மட்டுமே. உப்புகள் குளத்திலேயே தங்கிவிடுகின்றன. அந்த இடத்தை நிரப்ப வரும் நீர் தன் பங்குக்குப் புதிய உப்பைக் கொண்டுவருகிறது. பருவத்தின் இறுதியில் ஓடுகளின் மேல் வெண்ணிறச் சுண்ணப்படிவு தோன்றுவதும், நீர் மங்கலாவதும் இதனால்தான்.

தால்கடோராவும் ரியோவும்

தில்லியின் புகழ்பெற்ற நீச்சல் குளம் தால்கடோரா பூங்காவில் உள்ளது. 1982ஆம் ஆண்டின் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக அமைக்கப்பட்ட இக்குளம், 2010ஆம் ஆண்டின் காமன்வெல்த் போட்டிகளுக்காகப் புதுப்பிக்கப்பட்டு, டாக்டர் சியாமா பிரசாத் முகர்ஜி நீச்சல் வளாகம் என்ற பெயரோடு விளங்குகிறது. 2010இல் பிரசாந்த கர்மாகர் மாற்றுத்திறனாளிகளுக்கான 50 மீட்டர் நீச்சலில் வெண்கலம் வென்று, காமன்வெல்த் நீச்சலில் இந்தியாவின் முதற்பதக்கத்தைப் பெற்றது இங்குதான்.

அதே போட்டிகளின் போது இங்கிலாந்து, ஆஸ்திரேலிய அணிகளின் நீச்சல் வீரர்கள் சிலர் வயிற்றுக் கோளாறால் துன்புற்றனர். உடனே ஐயம் குளத்து நீரின் மேல் விழுந்தது. காமன்வெல்த் விளையாட்டுக் கூட்டமைப்பின் அப்போதைய தலைவர் மைக்கேல் ஃபென்னல் நீரின் தரம் ஆராயப்படும் என்று அறிவித்தார். சோதனை முடிவுகள் நீரில் குறையில்லை என்று காட்டின. ஐயத்தைத் தீர்த்தவை அளவீடுகளே. எவருடைய வாக்குறுதியும் அன்று. ஒரு குடியிருப்பின் குளத்துக்கும் இது பொருந்தும். அன்றாட அளவுகள் ஏட்டில் பதிவாகியிருந்தால், புகார் எழும் நாளில் விடையும் கையில் இருக்கும்.

2016இல் ரியோ ஒலிம்பிக்கில் நடந்தது இதற்கு மறுதலை. அங்கே மரியா லெங்க் நீர் விளையாட்டு அரங்கில், நீர்ப்பாய்ச்சல் போட்டிக்கான குளம் ஒரே நாளில் பச்சை நிறமாக மாறியது. ஒப்பந்தக்காரர் ஒருவர் 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடை நீரில் சேர்த்ததும், அது குளோரினைச் செயலிழக்கச் செய்ததால் பாசி வளர்ந்ததும் பின்னர் தெரியவந்தன. அருகிலிருந்த குளத்தின் நீரைச் சுமார் 37 லட்சம் லிட்டர் அளவில் வெளியேற்றி மாற்ற நேர்ந்தது. பெராக்சைடும் குளோரினும் தனித்தனியே சிறந்த கிருமிநாசினிகள். ஒன்றாகச் சேர்ந்தபோது ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. 'இன்னும் ஒரு மருந்தைச் சேர்த்துப் பார்ப்போம்' என்னும் எண்ணம் எத்தகைய செலவில் முடியும் என்பதற்கு இது சான்று.

மஞ்சளும் இளஞ்சிவப்பும்

பல குளங்களில் பராமரிப்பாளர் ஒரு சிறு குழாயில் நீரை எடுத்துச் சொட்டு மருந்து விட்டு, அது மஞ்சளாக மாறுவதைக் காட்டி, "குளோரின் சரியாக இருக்கிறது" என்பார். அவர் காட்டுவது பொய்யன்று. ஆனால் முழு உண்மையும் அன்று. அந்த மஞ்சள் முறை தனித்த குளோரினையும் பிணைந்த குளோரினையும் பிரித்துக் காட்டாமல் மொத்தத் தொகையை மட்டுமே சொல்கிறது. நீர் முழுவதும் குளோரமீனாக இருந்தாலும் மஞ்சள் நிறம் தோன்றும். நீரை இளஞ்சிவப்பாக்கும் டி.பி.டி. மாத்திரைச் சோதனை இரண்டையும் தனித்தனியே அளக்க உதவும். முதல் மாத்திரை தனித்த குளோரினையும், அதன் பின் இடும் மாத்திரை மொத்தக் குளோரினையும் காட்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே பிணைந்த குளோரின். சங்கம் வாங்க வேண்டிய முதற்பொருள் இந்தச் சோதனைப் பெட்டிதான்.

பிணைந்த குளோரின் கூடிவிட்டால் அதனை எரித்து நீக்க, அதன் அளவைப்போல் பத்து மடங்கு குளோரினை ஒரே தவணையில் இடுவது வழக்கம். நாம் மேலே கண்ட குளத்தில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் உயர்த்த 240 கிராம் குளோரின் தேவை. 65 விழுக்காடு வீரியமுள்ள கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளாக இது ஏறத்தாழ 370 கிராம். பிணைந்த குளோரின் 0.6 மில்லிகிராமாக இருந்தால் 6 மில்லிகிராம் உயர்த்த வேண்டும். அதற்குச் சுமார் 2.2 கிலோ தூள் ஆகும். அரைகுறையாக இட்டால் குளோரமீன் கூடுமேயன்றிக் குறையாது. இதனை இரவில், குளத்தை மூடிவிட்டு, வடிகட்டியை இயக்கியபடி செய்ய வேண்டும். தனித்த குளோரின் இயல்பு அளவுக்கு இறங்கிய பின்னரே எவரையும் நீரில் இறங்க விட வேண்டும்.

வெயிலும் ஒரு செலவினமே. பாதுகாப்பற்ற குளோரினின் பெரும்பகுதியைக் கடும் வெயில் சில மணி நேரத்திலேயே சிதைத்துவிடும். இதனைத் தடுக்க சயனூரிக் அமிலம் நிலைநிறுத்தியாகப் பயன்படுகிறது. லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் போதும். சந்தையில் டி.சி.சி.ஏ. என்று விற்கப்படும் மாத்திரைகளிலும் தூளிலும் இது சேர்ந்தே வருகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அம்மருந்து 10 மில்லிகிராம் குளோரினைத் தரும்போது சுமார் 6 மில்லிகிராம் சயனூரிக் அமிலத்தையும் நீரில் விட்டுச் செல்கிறது. குளோரின் செலவாகிவிடும், இது செலவாகாது. நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் வீதம் இரண்டு மாதம் இட்டால், நிலைநிறுத்தி 70 மில்லிகிராமைக் கடந்துவிடும். அதன் பின் குளோரின் இருந்தும் மந்தமாகிவிடும். நீரின் ஒரு பகுதியை வெளியேற்றிப் புதுநீர் விடுவதே இதற்குத் தீர்வு. தண்ணீருக்குத் தவிக்கும் தில்லிக் கோடையில் அது எளிதான தீர்வன்று. ஆகவே நிலைநிறுத்தி போதிய அளவை எட்டியதும் அது கலவாத குளோரின் மருந்துக்கு மாறிக்கொள்வது சிக்கனம்.

எல்லா அரிப்பும் ஒன்றன்று

தோலில் தோன்றும் மாற்றத்தைச் சற்றுக் கவனித்தால் காரணம் ஓரளவு புலப்படும். நீந்திய சிறிது நேரத்தில் உடல் முழுவதும் வறண்டு அரித்தால் நீரின் பி.எச். அளவையும் குளோரமீனையும் ஐயுறலாம். ஓரிரு நாள் கழித்து, நீச்சலுடை படிந்திருந்த இடங்களில் மயிர்க்கால்களைச் சுற்றிச் சிவந்த சிறு கொப்புளங்கள் தோன்றினால், அது சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாவின் தொற்றாக இருக்கக்கூடும். குளோரின் குறைந்த நீரில் வளர்வது இது. கழுத்திலும் முதுகிலும் வியர்வை தங்கும் இடங்களில் வருவது வெறும் வேர்க்குருவாகவும் இருக்கலாம். சில நாள்களில் தணியாத தடிப்புக்கும், காய்ச்சலோடு வரும் கொப்புளத்துக்கும் மருத்துவரை அணுகுவதே முறை.

வீட்டளவில் நாம் செய்யக்கூடியவை எளியவை. குளத்தில் இறங்குமுன் ஒரு நிமிடம் உடல் முழுவதும் நீரூற்றிக் குளித்தால் வியர்வையும் அழுக்கும் பெருமளவு நீங்கும். குளோரமீன் உருவாவதை அதன் தோற்றுவாயிலேயே தடுக்கும் வழி இதுவே. தோலைக் காக்க எண்ணித் தேங்காய் எண்ணெய் பூசி இறங்கும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. அந்த எண்ணெய் குளோரினைச் செலவழித்து வடிகட்டியையும் அடைக்கும். நீந்தி முடித்து, நல்ல நீரில் மென்மையான சோப்பால் குளித்து, ஈரம் முழுவதும் காயுமுன் அதே எண்ணெயையோ களிம்பையோ பூசினால் முழுப் பயன் கிட்டும். நனைந்த நீச்சலுடையோடு பிள்ளைகளை நெடுநேரம் இருக்க விடலாகாது. சிறு பிள்ளைகளை மணிக்கொரு முறை கழிப்பறைக்கு அழைத்துச் செல்வதும், வயிற்றுப்போக்கு உள்ளவர்களைக் குளத்துக்கு அனுப்பாதிருப்பதும் பிறர்க்கு நாம் ஆற்றும் கடமை.

கையெழுத்திடுமுன் கேட்க வேண்டியவை

 குளத்து நீரின் தரத்துக்கு ஐ.எஸ். 3328 என்னும் இந்தியத் தர நிர்ணயம் உள்ளது. எனினும் நாள்தோறும் நீரைக் காக்கப்போவது சங்கம் செய்துகொள்ளும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமே. அதில் கையெழுத்திடுமுன் கீழ்க்காணும் கேள்விகளுக்கு எழுத்தில் விடை பெறுங்கள்.

1. தனித்த குளோரினும் பி.எச். அளவும் நாளில் எத்தனை முறை சோதிக்கப்படும்? குளம் திறப்பதற்கு முன்னும், கூட்டம் மிகுந்த மாலையிலும் சோதிப்பது குறைந்தபட்சத் தேவை.

2. பிணைந்த குளோரினைப் பிரித்துக் காட்டும் சோதனைப் பெட்டி உண்டா?

3. காரத்தன்மை வாரந்தோறும், கடினத்தன்மையும் நிலைநிறுத்தியும் மாதந்தோறும் அளக்கப்படுமா?

4. அளவுகள் யாவரும் காணும்படி குளத்தருகே பலகையில் எழுதப்படுமா?

5. மருந்துகள் எங்கே, எவ்வாறு வைக்கப்படும்? அமிலத்தையும் குளோரின் மருந்தையும் ஒருங்கே வைத்தால் நச்சு வாயு உண்டாகும். கால்சியம் ஹைப்போகுளோரைடும் டி.சி.சி.ஏ.யும் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். எப்போதும் நீரில் மருந்தை இட வேண்டும். மருந்தின் மேல் நீரை ஊற்றலாகாது.

ஒப்பந்தத் தொகை குறைவாக இருப்பதை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், மிச்சப்பட்டதாகத் தோன்றும் பணம் பின்னர் மருத்துவச் செலவாகவும், குளத்து நீரை மாற்றும் செலவாகவும் திரும்பி வரும். சோதனைப் பெட்டிக்கும், பயிற்சி பெற்ற பராமரிப்பாளரின் ஊதியத்துக்கும் ஒதுக்கும் தொகை அவற்றைவிடச் சிறியது. இக்கோடையில் உங்கள் பிள்ளை குளத்துக்குப் புறப்படும்போது, குளத்தருகே உள்ள பலகையை ஒரு முறை பாருங்கள். பி.எச். 7.2க்கும் 7.8க்கும் இடையே, தனித்த குளோரின் 1க்கும் 3க்கும் இடையே, அன்றைய தேதியோடு எழுதப்பட்டிருந்தால் மனநிறைவோடு அனுப்பலாம். பலகை வெறுமையாக இருந்தால், குளோரினைக் குறைக்கச் சொல்லுமுன் நீரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.